சுவர் திருப்பிப் பேசாத அறை

1848 செப்டெம்பரில், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்து, வாவியில் மீன் பாடுகிறது என்ற கதையை விசாரித்தார். இரவில் வள்ளத்தில் போனார். நீருக்கடியிலிருந்து மெல்லிய ஒலிகள் எழுந்தன. வள்ளத்தின் பலகையில் காதை வைத்தபோது அவை பெருகிக் கேட்டன என்று எழுதி வைத்தார். வாவியோரத்து மீனவர்கள் இதையே துடுப்பை வைத்துச் செய்வார்கள். துடுப்பின் ஒரு முனை நீருக்குள், மறு முனை காதோடு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க யேசுசபைக் குருவானவர் லாங் அந்த ஒலியைப் பதிவு செய்தார். பாடும் மீனின் குரல் வானொலிக்கும் போனது.

துடுப்பின் வழியாகக் காதுக்கு வரும் ஒலிக்கு ஒரே பாதைதான். அறைக்குள் பேசுகிற குரலுக்கு அந்த வசதி இல்லை. வாயிலிருந்து நேரே மைக்குக்குப் போவது ஒரு பங்கு. பின்சுவரில் பட்டு வருவது, பக்கச் சுவரில் பட்டு வருவது, தரையில் பட்டுக் கூரைக்கு எழும்பித் திரும்புவது என்று இன்னும் பல பங்குகள் உண்டு. விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு முன்பின்னாக இவை எல்லாம் மைக்கில் வந்து விழுகின்றன. மனிதருக்கு இரண்டு காது இருப்பதால், மூளை நேரொலியைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஒற்றை மைக் அப்படி ஒதுக்காது. அதனால்தான் அறையில் நன்றாகக் கேட்ட பேச்சு, பதிவைப் போட்டுக் கேட்டால் வேறு குரலாக இருக்கிறது. கனடாவிலிருந்து கேட்கும் பெரியம்மா, “என்ன மனே, கிணத்துக்குள்ள இருந்தா கதைக்கிறாய்?” என்று கேட்கிறார். மைக்கை மாற்றினாலும் அதே கேள்விதான் வரும், ஏனென்றால் கிணறு அறையில் இருக்கிறது.

மட்டக்களப்புப் பக்கத்துக் குரல்கள் சுவருக்காகப் பழகியவை அல்ல. கூத்துப் பாடல் வட்டக்களரியில் பாடப்படுவது. நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், பக்கத்தில் சல்லரி இருக்கும், சுற்றிலும் சனம், மேலே வானம். அங்கே பாடிய குரல் திரும்பி வருவதில்லை. எனவே வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, கடைசி வரிசையில் பாயில் இருப்பவர் வரை எட்ட வேண்டும் என்று முழுத் தொண்டையில் பாடுவதே வழக்கம். அந்தக் குரலையும் மத்தளத்தையும் பன்னிரண்டடி சீமெந்து அறைக்குள் கொண்டுவந்து பதிவுசெய்தால், வரிக்கு வரி முட்டிக்கொள்ளும். சொல் புரியாது. கூத்துப் பாட்டைச் சொல் புரியாமல் பதிந்து வைப்பதில் என்ன பயன்?

பழைய வீடுகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு இருந்திருக்காது. கிடுகுக் கூரை காற்றோட்டமுள்ள, அடுக்கடுக்கான ஓலை. ஒலி அதற்குள் புகுந்து அங்கேயே தேய்ந்துபோகும். மண் சுவரும், முற்றத்து மணலும், எந்நேரமும் திறந்து கிடக்கும் வாசலும் தம் பங்கைச் செய்தன. இன்றைய வீட்டில் தரைக்கு டைல்ஸ், சுவருக்குப் பூச்சும் பெயின்ரும், மேலே கொங்கிரீட் தட்டு. பார்க்க அழகு, கழுவ இலகு. ஆனால் ஒலியைத் தின்ன அங்கே ஒன்றுமில்லை. அகௌஸ்ரிக் ஃபோம் என்று விற்கப்படும் அந்தத் துளைத்துளையான பஞ்சு, கிடுகுக் கூரை செய்த வேலையில் ஒரு பகுதியைத்தான் திரும்பச் செய்கிறது.

கைதட்டிப் பார்த்தல்

ஃபோம் வாங்குவதற்கு முன் அறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்ட வேண்டும். வெறும் அறையில் தட்டிய ஒலியோடு “ட்ர்ர்ர்” என்ற ஒரு நடுக்கம் தொடரும். அது எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்துபோல மாறிமாறி எறிவது. பத்தடி இடைவெளியுள்ள இரு சுவருக்கு இடையே போய்த் திரும்ப இருபதடி, அதாவது ஏறக்குறைய 6.1 மீற்றர். மட்டக்களப்பின் 30 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 349 மீற்றர் ஓடும். கணக்குப் போட்டால் அந்தப் பந்து விநாடிக்கு 57 தடவை ஒரே சுவரில் வந்து மோதுகிறது. காதில் நடுக்கமாக விழுவது அந்த மோதல்தான்.

நடுவில் தட்டிய பிறகு, பேச நினைக்கும் இடத்தில் நின்றும், மூலைகளில் நின்றும் தட்டிப் பார்க்க வேண்டும். நடுக்கம் எங்கே கூடுகிறது, எந்த இரு சுவருக்கு இடையில் என்று காது தானே சொல்லிவிடும். அதே வீட்டில் படுக்கையறையிலும் தட்டிப் பார்ப்பது நல்லது. மெத்தை, தலையணை, கொடியில் தொங்கும் உடுப்பு எல்லாம் இருக்கும் அந்த அறையில் நடுக்கமே இல்லாமல் போகலாம். அப்படியானால் பதிவறையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபோமும் பாதி போதும்.

ஒரு கணக்கு

ஒலி எவ்வளவு நேரம் அறைக்குள் சுற்றும் என்பதை முதலில் அளந்து கணக்காக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து இளம் விரிவுரையாளர் வாலஸ் சபின். 1895ல் அங்கே ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபம் புதிதாகத் திறந்திருந்தது. பேசுபவரின் சொல் ஐந்தரை விநாடி வரை சுற்றிச் சுற்றி ஒலித்ததால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதைத் திருத்தும் வேலை சபினிடம் வந்தது. ஊர் அடங்கிய பிறகு இரவில், ஓர் ஓர்கன் குழலை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். பக்கத்து அரங்கான சாண்டர்ஸ் தியேட்டரின் கதிரைக் குசன்களைச் சுமந்து வந்து, ஒவ்வொரு தொகுதியாகப் போட்டுப் போட்டு அளந்தார். குசன் கூடக்கூட நேரம் குறைந்தது. அதிலிருந்து பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் மண்டபம் கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். 1900ல் திறந்த பொஸ்ரன் சிம்ஃபொனி மண்டபத்துக்கு ஆலோசனை சொன்னவரும் அவரே.

அந்தச் சூத்திரத்தை அடிக்கணக்கில் சொன்னால்: அறையின் கன அடியை 0.049 ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சலால் பிரித்தால் விநாடி வரும். உறிஞ்சலுக்கு சபின் எடுத்த அளவு திறந்த யன்னல். யன்னலுக்குள்ளால் போன ஒலி திரும்பி வராது. எனவே ஒரு சதுர அடி திறந்த யன்னல் என்பது ஒரு அலகு. மற்றப் பொருட்களை அதோடு ஒப்பிட்டு, 0.02, 0.5, 0.9 என்று எண் கொடுக்கிறார்கள்.

மட்டக்களப்பின் கல்லடியில் சாதாரணமாகக் காணக்கூடிய ஓர் அறையை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 12 அடி, அகலம் 10, உயரம் 10. கன அளவு 1,200. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 680 சதுர அடி. பேச்சின் நடுப்பகுதியான 500 ஹேர்ட்ஸில், பூசிப் பெயின்ரடித்த சீமெந்து 0.02 அளவுதான் உறிஞ்சும். அது 14 அலகுகூட வராது. கதவு, உள்ளே நிற்கும் ஓர் ஆள் எல்லாம் சேர்த்து 20 என்று வைத்தால் விடை கிட்டத்தட்ட 3 விநாடி. பேச்சுப் பதிவுக்கு அரை விநாடிக்குக் கீழே வந்தால் நல்லது. அதற்கு 120 அலகு தேவை.

அறைக்குள் ஓர் இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து போட்டால் 20 அலகு அளவில் கிடைக்கும். யன்னல் பக்கச் சுவருக்கு, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை ஆறடி அகலத்தில் போட்டால் இன்னொரு 20. மிச்சம் 60. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டங்குலத் தடிப்புள்ள நல்ல ஃபோம் பலகை ஒன்று 3.6 அலகு தரும். பதினாறு பலகை போட்டால் கணக்கு நிரம்பிவிடும். பதினாறு பலகை என்பது 64 சதுர அடி, அறைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒளிப்படங்களில் காண்பதுபோல் தரை முதல் கூரை வரை கறுப்புப் பஞ்சால் மூடத் தேவையே இல்லை. அப்படி மூடுவதால் கெடுதலும் உண்டு. அதை அடுத்து பார்க்கலாம்.

தடிப்புத்தான் விஷயம்

ஃபோம் ஒலியை எப்படித் தின்கிறது? துளைகளுக்குள் புகுந்த காற்று முன்னும் பின்னும் அசையும்போது துளைச் சுவரோடு உராய்கிறது. உராய்வில் ஒலி மிகச் சிறிய வெப்பமாக மாறிவிடுகிறது. காற்று அதிகமாக அசையும் இடம் சுவரை ஒட்டி இல்லை. அலைநீளத்தின் காற்பங்கு தூரத்தில்தான் அசைவு உச்சத்தில் இருக்கும். ஆகவே ஓரங்குல ஃபோமைச் சுவரில் ஒட்டினால் அது முழுமையாக வேலை செய்வது 3,400 ஹேர்ட்ஸுக்கு மேலே. இரண்டங்குலம் என்றால் 1,700 அளவில், நான்கங்குலம் என்றால் 860 அளவில். அதற்குக் கீழேயும் கொஞ்சம் வேலை நடக்கும், ஆனால் இறங்க இறங்கக் குறையும். 500 ஹேர்ட்ஸில் 0.9 தரும் இரண்டங்குலப் பலகை, 125 ஹேர்ட்ஸில் 0.1 தருவதே பெரிய காரியம்.

இப்போது முழு அறையையும் ஓரங்குல ஃபோமால் மூடியவரின் நிலையைப் பார்க்கலாம். ‘ச’, ‘ஸ’, ‘த’ போன்ற எழுத்துக்களின் கூர்மை, குரலின் பளிச்சு எல்லாம் ஃபோமுக்குள் போய்விட்டது. ஆண் குரலின் அடி நாதம் இருக்கும் 100 ஹேர்ட்ஸ் பக்கம் அறை முன்போலவே முழங்குகிறது. விளைவு சளி பிடித்த குரல். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மந்தமாகவும், அதே நேரம் அடியில் ஒரு ‘ம்ம்ம்’ இரைச்சலோடும் இருக்கும். செலவும் இரட்டிப்பு. மெல்லிய ஃபோம் நிறைய வாங்குவதைவிடத் தடித்த ஃபோம் கொஞ்சம் வாங்குவது எப்போதும் மேல். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

எடுத்துக்காட்டு அறையில் இன்னொரு தொல்லை ஒளிந்திருக்கிறது. அகலமும் பத்தடி, உயரமும் பத்தடி. பத்தடி இடைவெளி 57 ஹேர்ட்ஸ் ஒலியைத் தனக்குள் கட்டி வைத்து முழங்கும். இரண்டு அளவும் ஒன்றானதால் முழக்கமும் இரட்டிப்பு. மத்தளத்தின் கனத்த அடி விழும்போது அறை ‘கும்’ என்று நிறைவது இதனால்தான். இதை ஃபோமால் அடக்க வேண்டுமானால் காலலை அளவான ஐந்தடித் தடிப்பு வேண்டும்! அதற்குப் பதில் மத்தளத்தை விறாந்தைக்கோ முற்றத்துக்கோ கொண்டு போவது புத்திசாலித்தனம். அதுதான் அதன் சொந்த இடமும்கூட. குரலை மட்டும் அறைக்குள் பதியலாம். அறையை இனித்தான் கட்டப்போகிறவர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றில் எந்த இரண்டும் ஒன்றாகாமல் பார்த்துக்கொண்டால் பாதி நோய் பிறக்கவே பிறக்காது.

எந்தப் பஞ்சு?

கடையில் ஃபோம் என்று கேட்டால் பலதும் காட்டுவார்கள். தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. துண்டை வாயோடு அழுத்தி ஊத வேண்டும். மூச்சு சற்றுச் சிரமப்பட்டு மறுபக்கம் போனால் அது திறந்த துளைப் பஞ்சு, ஒலிக்கு உதவும். மூச்சே போகாவிட்டால் உதவாது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிஃபோமும், பொதி சுற்றும் வழுவழுப்பான மெல்லிய ஃபோமும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். மூச்சு ஒரு தடையும் இல்லாமல் சர்ரென்று போனாலும் அது அவ்வளவு நல்லதல்ல. அங்கே உராய இடமில்லை. முட்டை அடுக்கும் மட்டைத் தட்டுகளைச் சுவரெல்லாம் ஒட்டுவது ஒரு பழைய நம்பிக்கை. அந்த மெல்லிய மட்டை உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், பேச்சுக்கு ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. ஆனால் தீப்பற்றினால் நன்றாக எரியும்.

கூம்பும் அலையுமாக வெட்டிய ஃபோம் அழகாக இருக்கும். ஆனால் பள்ளங்களில் பஞ்சு இல்லை என்பதை மறக்கக்கூடாது. இரண்டங்குலக் கூம்புப் பலகையின் சராசரித் தடிப்பு அதைவிட நன்றாகக் குறைவு. குஷன் வேலை செய்யும் கடையில் வாங்கும் தட்டையான, திறந்த துளையுள்ள மூன்றங்குல ஃபோம் பல வேளைகளில் அதைவிட நன்றாக உழைக்கும். அதில் குறை தீப்பாதுகாப்பு. அதற்குத் தனியாக வருவோம்.

எங்கே வைப்பது

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பேசுகிறவர் தன் கண்ணுக்கு முன்னால் தெரியும் சுவரில், மைக்குக்குப் பின்னால், ஃபோமை ஒட்டிவிட்டு நிம்மதி அடைகிறார். பேச்சுக்குப் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை முன்பக்கம் கேட்பவை, பின்பக்கம் செவிடு. அந்த முன்பக்கம் பார்ப்பது பேசுகிறவரின் முகத்தையும், அவர் தலைக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே முதல் ஃபோம், இருப்பதில் மிகத் தடித்தது, பேசுகிறவரின் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். பலகை நான்கு, ஆளின் இடுப்பிலிருந்து தலைக்கு மேல் இரண்டடி வரை.

அடுத்தது இரு பக்கச் சுவர்கள். கதிரையில் ஒருவர் இருக்க, இன்னொருவர் சுவரோடு ஒட்டிக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். இருப்பவருக்குக் கண்ணாடியில் மைக் தெரிகிற இடம் எதுவோ, ஒலி பட்டுத் திரும்புகிற இடமும் அதுவே. அங்கே ஒரு பலகை. மறு பக்கச் சுவரிலும் அப்படியே. பிறகு மைக்குக்கு நேர் மேலே கூரையில். இதைப் பலரும் மறந்துவிடுவார்கள். டைல்ஸ் தரையும் கொங்கிரீட் தட்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் அறையில் இது மிகவும் தேவை. தரையில் கனத்த கம்பளமோ பழைய மெத்தையோ போடலாம். பன்பாய் போட்டால் நடக்க இதமாக இருக்கும், ஆனால் ஒலிக்கு அது போதாது, அவ்வளவு மெல்லியது. மேசையில் மைக் இருந்தால் மேசைப் பலகையும் ஒரு சுவர்தான். நாலாக மடித்த துவாயை விரித்தால் அது அடங்கும்.

இவ்வளவையும் செய்வதற்கு முன்னால், ஒரு சதமும் செலவில்லாத ஒன்று உண்டு. மைக்கை ஒரு அடித் தூரத்திலிருந்து அரை அடிக்குக் கொண்டுவந்தால் நேரொலி 6 டெசிபல் கூடும், அறையொலி இருந்தபடியே இருக்கும். நான்கு பலகை ஒட்டியதற்குச் சமமான மாற்றம் சில வேளை இதிலேயே கிடைத்துவிடும்.

ஒட்டக் கூடாது, தொங்கவிட வேண்டும்

பசையை விசிறி ஃபோமை நேரே சுவரில் ஒட்டுவது இந்தப் பிரதேசத்துக்குச் சரிவராது. கல்லடியும் நாவற்குடாவும் போன்ற இடங்கள் ஒரு பக்கம் வாவிக்கும் மறு பக்கம் கடலுக்கும் இடையில் கிடக்கின்றன. மாரியில், வாடை வீசும் மாதங்களில், சுவரே வியர்க்கும். ஈரச் சுவரோடு ஒட்டிய பஞ்சின் முதுகில் பூஞ்சணம் படிந்து, அறைக்குள் கால் வைத்ததும் புழுங்கல் மணம் அடிக்கும். பசை விட்டு மூலை தொங்கும். கழற்றினால் பெயின்ரும் பூச்சும் சேர்ந்து வரும்.

தச்சரிடம் சொல்லி ஓரங்குலச் சட்டத்தால் இரண்டடிச் சதுரச் சட்டகங்கள் அடித்துக்கொள்வது நல்லது. பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். பஞ்சு விழாமல் தாங்க நைலோன் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் போதும். முன்பக்கம் பருத்தித் துணி. கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் நெய்யும் கைத்தறித் துணி இதற்கு நன்றாகப் பொருந்தும். நெசவு மிக இறுக்கமானதா என்று பார்க்க அதே ஊதிப் பார்க்கும் சோதனைதான். மூச்சு போகும் துணியில் ஒலியும் போகும். ரெக்சின் போர்த்தினால் ஒலி வெளியிலேயே வழுக்கிவிடும்.

சட்டகத்தைச் சுவரிலிருந்து இரண்டங்குலம் தள்ளித் தொங்கவிட வேண்டும். பின்னால் மரக்குற்றி இரண்டு வைத்தால் அந்த இடைவெளி கிடைக்கும். இது இரண்டு வேலை செய்கிறது. காற்று அதிகமாக அசையும் இடத்துக்குப் பஞ்சு நகர்வதால், இரண்டங்குல ஃபோம் நான்கங்குலத்துக்குக் கிட்டிய வேலையைச் செய்யும். அதோடு முதுகுக்குக் காற்றோட்டம் கிடைத்துப் பூஞ்சணம் தள்ளி நிற்கும். கொளுவியும் ஆணியும் துருப்பிடிக்காத வகையாக இருக்கட்டும், கடற்காற்று இரும்பை விட்டுவைக்காது. தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்தி வைத்தால் கறையான் ஏறுவதும், எலி பஞ்சைக் கிள்ளிக் கூடு கட்டுவதும் குறையும்.

ஃபோமுக்கும் ஆயுள் உண்டு. பொலியூரிதேன் வகையில் பொலியெஸ்ரர் சார்ந்தது ஈரத்தால் சிதைந்து, சில ஆண்டுகளில் தொட்டால் உதிரும் பிசுபிசுப்பான தூளாகிவிடும். பொலியீதர் சார்ந்தது ஈரத்தைக் கூடுதலாகத் தாங்கும். கேட்டு வாங்கக்கூடிய இடத்தில் இதையே கேட்க வேண்டும். மாதம் ஒரு தடவை சட்டகத்தைக் கழற்றி நிழலில் காற்றாட வைக்கலாம். வெயிலில் மட்டும் போடக் கூடாது. மெத்தைக்கு வெயில் மருந்து, இந்தப் பஞ்சுக்கு அது கேடு. மஞ்சளாகி மேற்பரப்பு பொடியத் தொடங்கும்.

நெருப்பு

2003 பெப்ரவரி 20 இரவு, அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் ‘த ஸ்ரேஷன்’ என்ற இசை விடுதியில் நிகழ்ச்சி தொடங்கியபோது மேடையில் வாணம் கொளுத்தினார்கள். பொறி, மேடையைச் சுற்றி ஒட்டியிருந்த பொலியூரிதேன் பஞ்சில் பட்டது. சில நிமிடங்களில் கட்டடம் முழுவதும் புகை. 100 பேர் இறந்தார்கள். 2013 ஜனவரி 27 அன்று பிரேசிலின் சாந்தா மரியா நகரில் ‘கிஸ்’ விடுதியில் அதேபோல வாணம், கூரையில் அதேபோல ஒலித்தடுப்புப் பஞ்சு. இறந்தவர்கள் 242 பேர். இந்தப் பஞ்சு எரியும்போது வரும் புகையில் காபனோரொட்சைட்டோடு சயனைட்டும் கலந்திருக்கும். தீ வந்து சேருமுன் புகையே ஆளை வீழ்த்திவிடும்.

வீட்டு அறையில் வாணம் இல்லை. ஆனால் மூலையில் நுளம்புத் திரி புகைந்துகொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தட்டு அறை அறையாகப் போகும். கரண்ட் நின்றால் மெழுகுதிரி வரும். பழைய வயரில் சூடேறும் பிளக் ஒன்று பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஆகவே சில விதிகள் கட்டாயம். தீத்தடுப்புச் செய்த ஃபோம் என்ற சான்று உள்ளதையே வாங்க வேண்டும். சான்று இல்லாத குஷன் பஞ்சைக் கூரையில் ஒருபோதும் மாட்டக் கூடாது. எரிந்தால் அது தலைமேல் உருகிச் சொட்டும். பிளக், சுவிச், பல்ப் எதையும் சுற்றி ஓரடிக்குள் பஞ்சு வரக் கூடாது. அறைக்குள் எந்தத் தீயும் வேண்டாம், நுளம்புக்கு வலை போதும். கதவையும் யன்னலையும் ஃபோமால் மூடி அடைத்து விட்டால் வெளியேற வழி எது என்று முன்பே யோசித்திருக்க வேண்டும்.

இலவம்பஞ்சும் தென்னந்தும்பும் ஒலியை நன்றாக உறிஞ்சும், இங்கேயே கிடைக்கும். ஆனால் அவையும் எரிபவையே. தீப்பற்றாத பொருள் வேண்டுமானால் ராக்வூல் என்று விற்கும் கற்பஞ்சு இருக்கிறது. வெப்பத் தடுப்பு வேலை செய்பவர்கள் பயன்படுத்துவது. கல்லை உருக்கி இழையாக்கியது என்பதால் எரியாது. தடிப்புக்குத் தடிப்பு, ஃபோமைவிட நன்றாகவே உறிஞ்சும். வெட்டும்போது கையுறையும் முகமூடியும் போட வேண்டும், துணிக்குள் வைத்து நன்றாக மூட வேண்டும். அந்தச் சிரமம் பொறுக்கக்கூடியதே. சிறுவர் பாடவரும் அறை, வகுப்பறை, கோயில் மண்டபம் போல ஆட்கள் கூடும் இடங்களுக்கு ஃபோமை விட்டுவிட்டு இதையே எடுப்பது நல்லது.

வெளிச் சத்தம் வேறு கதை

ஃபோம் மாட்டினால் தெருவில் போகும் ஓட்டோவின் சத்தம் நிற்கும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். ஒலியை வெளியிலேயே நிறுத்துவது எடை. ஆறங்குலச் சீமெந்துக் கல் சுவர் சதுர மீற்றருக்கு 300 கிலோ அளவில் இருக்கும். இரண்டங்குல ஃபோம் ஒன்றரைக் கிலோ. அதனால் எதையும் மறிக்க முடியாது. சத்தம் வரும் வழியும் பெரும்பாலும் சுவர் அல்ல. யன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பு, கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி, சுவரும் சீற்றுக் கூரையும் சேருமிடத்தில் விட்ட திறப்பு, இவைதான் வழி. றப்பர்ப் பட்டியாலும் சீமெந்தாலும் அவற்றை அடைத்தால் ஃபோம் செய்யாததைச் செய்து முடிக்கலாம். தகரக் கூரையில் மாரி மழை கொட்டும்போது மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கலாம்.

நேரத்தைத் தெரிவுசெய்வது ஃபோமுக்குச் சமமான கருவி. கச்சான் வீசும் மாதங்களில் பகல் முழுவதும் மரமும் கதவும் அடித்துக்கொண்டிருக்கும். அதிகாலையில் காற்று விழுந்திருக்கும். இரவு பத்துக்குப் பிறகு வாவிப்பக்கம் அமைதி. ஃபேனை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கழற்றி, பேசாமல் முப்பது விநாடி வெறும் அறையைப் பதிய வேண்டும். ஹெட்ஃபோனில் கேட்டால் அதுவரை காதில் விழாத கடிகாரம்கூட அதில் டிக் டிக்கென்று ஓடும்.

பிறகு பேச்சுச் சோதனை. ஒரே பத்தியை, ஒரே இடத்தில், ஒரே தூரத்தில், முதலில் பலகை ஒன்றும் இல்லாமல் வாசித்துப் பதிய வேண்டும். முதுகுப் பலகை நான்கையும் மாட்டி இன்னொரு தடவை. பக்கப் பலகைகள் வந்த பின் மற்றொரு தடவை. கூரைப் பலகை வந்த பின் கடைசியாக. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கைதட்டு. நான்கையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், எந்தக் கட்டத்தில் சொற்கள் துலங்கின என்பது ஹெட்ஃபோன் போட்ட சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். மூன்றாவது பதிவிலேயே குரல் சரியாகிவிட்டால் கூரைக்குப் போகவே தேவையில்லை. மிச்சப் பலகைகளைச் சுற்றி வைத்துவிட்டு, மாரி கழிந்த பிறகு அறையில் மறுபடி ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம்.